முதுகில் ஜிப் வைத்த மீன்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்று சொன்ன புண்ணியவான், அந்தப் பொய்களை யார் தலையில் கட்டுவது என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டார். டைலரின் காதலி சொன்னது ஆயிரமெல்லாம் இல்லை, ஒன்றே ஒன்றுதான். "அவருக்கு மீன் வெட்டுறது தண்ணிபட்ட பாடுப்பா."

இதை அவள் தன் அப்பாவிடம் சொன்னது போன வாரம். டைலரிடம் சொன்னது இன்று காலை, அப்பா வீட்டு வாசலில், அழைப்பு மணியை அழுத்திய பிறகு.

"என்னது?" என்றார் டைலர்.

"மெதுவாப் பேசுங்க. அப்பா ஏற்கெனவே ரெண்டு பேரை வேண்டாம்னுட்டாரு. ஒருத்தர் மீன் வாடையே ஆகாதுன்னாரு. இன்னொருத்தர் கத்தியைத் தலைகீழாப் பிடிச்சாரு. நான் வேற என்ன பண்ணட்டும்?"

"நான் லேடீஸ் டைலர். எனக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?"

"வெட்டத்தானே போறீங்க, அளவெடுத்துத் தைக்கவா சொன்னாங்க?"

அவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். யூனிஃபார்ம் பேண்ட் இடுப்பில் தொளதொளவென்று இருக்கிறது என்று முதல்முறை அவர் கடைக்கு வந்தாள். இப்போது இறுக்கிப் பிடிக்கிறது என்று மறுபடி வந்தாள். மூன்றாம் முறை வந்தபோதுதான் கோளாறு பேண்டில் இல்லை என்பது டைலருக்கு உறைத்தது. அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ரவிக்கையின் இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டு, தானே சிரித்துக்கொண்டு பிரிக்கிற அளவுக்கு முற்றியிருந்தது.

கதவு திறந்தது. அவள் அப்பா நின்றார். வேலையில் இருந்த காலமெல்லாம் மின்கம்பம் ஏறியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் லைன்மேன்தான். கையில் ஒரு வாளி. வாளிக்குள், விடியற்காலையில் ஏரியில் பிடித்த ட்ரவுட் மீன்கள் நாலு, உடம்பெல்லாம் புள்ளியும் பக்கவாட்டில் ரோஜா நிறக் கோடுமாக.

"வாங்க தம்பி. உக்காருறதெல்லாம் அப்புறம். ஒரு மனுஷன் எப்படிப்பட்டவன்னு அவன் மீன் வெட்டுறதுல தெரிஞ்சுபோயிடும். பாத்துட்டு என் முடிவைச் சொல்றேன்."

அவ்வளவுதான். கல்யாணமா இல்லையா என்பது இனி அந்த வாளியில் கிடந்தது.

சமையலறையில் சிங்க், மரப்பலகை, கத்தி, கத்தரி எல்லாம் தயாராக இருந்தன. மேசையருகில் மணிக்கட்டில் கட்டுப்போட்டுக்கொண்டு அத்தை உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். லைன்மேனுக்கு அக்கா. லைன்மேன் நேராக ஜன்னலுக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெளியே பார்த்தபடி நின்றார்.

"ம், ஆரம்பிங்க."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று டைலர் இதுவரை மனிதர்களைத்தான் திட்டியிருக்கிறார்; அசல் ஆளை இன்றுதான் சந்தித்தார். முதல் மீன் கையிலிருந்து வழுக்கி, சிங்கைத் தாண்டி, பாத்திரக் கூடைக்குள் போய் இரண்டு தட்டுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டது. உயிர் போன பிறகும் இவ்வளவு துடிப்பு ஆகாது.

துண்டால் பிடித்து எடுத்தார். துடைத்தார். பலகையில் கிடத்தினார். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாதபோது கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. மார்க்கிங் சாக்கை எடுத்து, மீனின் தலையிலிருந்து வால்வரை அழகாக ஒரு கோடு போட்டார்.

காதலி அவர் இடுப்பில் கிள்ளினாள். அவர் கோட்டைப் பார்த்து வெட்டினார். கோட்டின் மேல் அல்ல, தள்ளி. எந்த டைலரும் கோட்டின் மேலேயே வெட்ட மாட்டார். நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்து விடுவதற்கு ஒரு விரல் அகலம் விட்டுத்தான் வெட்டுவார். அப்படி நடுமுள்ளுக்கு இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் தாராளமாக விட்டதில், சதையெல்லாம் முள்ளோடு தங்கிவிட்டது. கைக்கு வந்தவை கைக்குட்டை மாதிரி இரண்டு துண்டுகள்.

அத்தை எட்டிப் பார்த்தார். "ஏன்ப்பா முள்ளுல இவ்வளவு சதையை விட்டுட்ட?"

"வேணும்னா பின்னாடி பிரிச்சுக்கலாம்னு..."

அத்தைக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. காதலி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு அங்க?" என்றது ஜன்னலோரம்.

"ஒண்ணுமில்லடா. நீ வெளியவே பாரு," என்றார் அத்தை.

திரும்பாத அந்த முதுகை டைலர் ஓரக்கண்ணால் பார்த்தார். இவர் வெட்டுவதை அவருக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது. முடிவை எப்போதோ எடுத்துவிட்டார் போலிருக்கிறது. இவள் இல்லாமல் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்குகிற காலையை நினைத்தாலே அவருக்குத் தாங்கவில்லை. சரி, போகிற மானம் ஒழுங்காகப் போகட்டும் என்று இரண்டாவது மீனை எடுத்தார்.

இந்த முறை சாக் இல்லை. மீனைக் குப்புறப் பிடித்து, முதுகில் கத்தியை வைத்தார். பல வருஷமாகக் கவுன் தைக்கிற கை அது. திறப்பு என்றால் அதற்கு முதுகுதான். தலையிலிருந்து வால்வரை நடுமுள்ளை உரசிக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு கீறல், அந்தப் பக்கம் ஒரு கீறல். முள்ளை ஒட்டியே வெட்டினார், ஒரு நூல்கூட விடவில்லை. கட்டைவிரலை உள்ளே விட்டு விலா முட்களிலிருந்து சதையை மெல்ல நெட்டித் தள்ளினார். லைனிங் துணியைப் பிரிப்பதுபோல அது பிரிந்து வந்தது. இரண்டு முனையிலும் கத்தரியால் ஒரு நறுக்கு. நடுமுள் முழுசாக, விலாவோடு, சீப்பு மாதிரி கையில் வந்துவிட்டது. குடலும் கூடவே வந்தது. வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. இளஞ்சிவப்புச் சதை புத்தகம்போல விரிந்து கிடந்தது.

"ஐயோ!" என்றார் டைலர்.

"ஐயோ!" என்றாள் அவள்.

இரண்டு பேரும் அந்த முள்ளைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். அத்தை நல்ல கையால் மேசையைத் தட்டினார். காதலி கத்தினாள். "அப்பா, பாருங்களேன்!"

"ம். பாத்தேன், பாத்தேன்," என்றார் லைன்மேன், ஜன்னலைப் பார்த்தபடியே.

சந்தோஷம் தலைக்கேறினால் சிலருக்கு உண்மை வந்துவிடும். டைலருக்கும் வந்தது. "சார், மன்னிச்சுடுங்க. எனக்கு மீன் வெட்டவே தெரியாது. இதுதான் முதல் தடவை. மீனுக்கும் முதுகுலதான் ஜிப்புன்னு நெனச்சுட்டேன்."

"அப்ப எங்கிட்டச் சொன்னது பொய்யா?" லைன்மேன் விருட்டென்று திரும்பினார். பலகையைப் பார்த்தார். குடலைப் பார்த்தார். இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு, வந்த வேகத்தில் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

அத்தை டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"போதும்டா. இன்னும் எத்தனை நாளைக்கு மூடி வைப்பே? இவன் பிடிக்கிறதோட சரி. இதுநாள்வரைக்கும் இந்த வீட்டு மீன் அத்தனையும் வெட்டுனது நான். மீன்ல கத்தியை வெச்சாலே இவனுக்கு மயக்கம் வந்துடும். என் கை போச்சு, இனிமே வெட்ட மாட்டேன்னேன். உடனே மாப்பிள்ளைக்குப் பரீட்சை வெக்கறாராம்!"

"கம்பத்து மேல நின்னுக்கிட்டுப் பாட்டுப் பாடின ஆளாப்பா நீங்க?" என்று மகள் வாய்பிளந்தாள்.

"கம்பத்துக்குக் குடல் கிடையாதே," என்றார் லைன்மேன் பரிதாபமாக.

டைலருக்குள் பொங்கிப் பொங்கிச் சிரிப்பு வந்தது. அதோடு அந்த மனிதர்மேல் திடீரென்று அப்படியொரு பாசமும் வந்தது. மூன்றாவது மீனை எடுத்தார். முதுகைத் திறந்தார். சதையைப் பிரித்தார். இரு முனையையும் நறுக்கிவிட்டு, குடலை எடுத்துப்போட்டு, மீனைச் சுத்தமாகக் கழுவினார். பிறகு போய் லைன்மேனின் கையைப் பிடித்தார்.

"வாங்க மாமா. கண்ணை மூடிக்குங்க. நான் பாத்துக்கறேன்."

"மாமாவா? நான் இன்னும் முடிவு சொல்லலியே!"

"மெதுவாச் சொல்லுங்க. இப்போ விரலை இங்க வைங்க. இது முள். பயப்படாதீங்க, ஒட்டிக்கிட்டு மட்டும்தான் இருக்கு. தூக்குங்க."

"வலிக்காதுல்ல?"

"யாருக்கு?"

லைன்மேன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். சரசரவென்று வந்தது. ஒரு கண்ணை லேசாகத் திறந்தார். மறு கண்ணையும் திறந்தார். தன் இரண்டு விரலுக்கு நடுவே முழு முள்ளும் தொங்குவதைப் பார்த்தார்.

"ஏய், இங்க பாருங்க!" என்று வீடே அதிரக் கத்தினார். "அக்கா, பாரு! நானும் என் மாப்பிள்ளையும் சேர்ந்து எடுத்தது!"

என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. முள்ளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், மீன் வாடை அடிக்கிற டைலரின் கையை அவர் மகள் இறுகப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.