பலகையில் இல்லாத ஆணி

தருமனைப் பழிவாங்க சகாதேவனுக்கு அரிவாள் தேவைப்படவில்லை. ஆணி அடித்த ஒரு பலகை போதும் என்று நினைத்தான்.

திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் அவன் விலங்கியல் விரிவுரையாளன். டாக்டர் பட்டத்துக்காக அடி அண்ணாமலை பக்கத்து ஏரி ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தான். அந்த ஏரியில் எது எதைத் தின்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஒரு பலகையில் பாசிக்கு ஓர் ஆணி, நத்தைக்கு ஓர் ஆணி, கெண்டை, விரால், தவளை, கொக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி. தின்பதற்கும் தின்னப்படுவதற்கும் நடுவே ஒரு நூல். நூலுக்கு நூல் எண் கொடுத்துச் சமன்பாடு எழுதிவிட்டால், ஒன்றை எடுத்தால் மற்றது பெருகுமா அழியுமா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இதற்காகக் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டு, வருஷக்கணக்கில் அந்தத் தண்ணீரில் இடுப்பளவு நின்றவன் அவன்.

எழுபத்தெட்டில் ஏரி மீனைக் குத்தகை எடுத்திருந்த தருமன், குத்தகை முடிகிற நேரத்தில் வலை வீச உடம்பு வணங்காமல், எண்ட்ரின் என்கிற பூச்சிமருந்தை டின்னோடு தண்ணீரில் கவிழ்த்தான். மிதந்த மீனை அள்ளிக்கொண்டு போய்விட்டான். தவளையும் கொக்கும் கரையெல்லாம் நாறிக் கிடந்தன. சகாதேவன் போய் நியாயம் கேட்டதற்கு, தருமன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பூச்சி செத்ததுக்கா சார் பஞ்சாயத்து? வேற ஏரி பாத்துக்கங்க" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஏரி போனதையாவது அவன் பொறுத்திருப்பான். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. வயிறு எரிகிற படித்தவன் லேசில் கை ஓங்கமாட்டான், உட்கார்ந்து கணக்குப் போடுவான். சகாதேவன் பழைய ஆணிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே பலகையில் தருமனுடைய வேர்க்கடலைக் கொல்லைக்கு ஆணி அடிக்க ஆரம்பித்தான். கடலை, எலி, சாரை, நல்லபாம்பு, ஆந்தை, கீரி. கணக்கு தெளிவாகச் சொன்னது: பாம்புகளை எடுத்துவிட்டால் போதும், அறுவடைக்குள் எலி கொல்லையைத் தின்று தீர்த்துவிடும்.

பாம்பு பிடிக்க மலையடிவாரத்து இருளர் குடிசையில் சுப்பனும் அவன் பெண்டாட்டி பொன்னியும் இருந்தார்கள். பாம்புத்தோல் வியாபாரத்தை அரசாங்கம் நிறுத்தியதிலிருந்து அவர்களுக்குப் பிழைப்பு வயல் வரப்புகளில்தான். எலி வளையைத் தோண்டி எலியைப் பிடிப்பார்கள். எலி உள்ளே சேர்த்து வைத்திருக்கும் நெல்லையும் கடலையையும் கழுவி எடுத்துக்கொள்வார்கள். சகாதேவன் அதை எத்தனையோ தடவை நின்று பார்த்திருக்கிறான். ஒருமுறை பொன்னி அவித்துக் கொடுத்த வளைக் கடலையை ருசித்துத் தின்றும் இருக்கிறான்.

கல்லூரிப் படிப்புக்குப் பாம்பு வேண்டும், தருமனிடம் சொல்லியாகிவிட்டது என்று அவர்களிடம் கூசாமல் புளுகினான். அவர்களும் நம்பிப் பிடித்துக் கொடுத்தார்கள். ஒரு நல்லபாம்பு மட்டும் தப்பிவிட்டதாகப் பொன்னி சொன்னபோது, அதையும் விடாதே என்றான். பிடித்த பாம்புகளை மலைக்கு அந்தப் பக்கம் காட்டில் கொண்டுபோய் விட்டான்.

கணக்கு பொய்க்கவில்லை. எலி புற்றீசலாகக் கிளம்பியது. தினமும் சாயங்காலம் சகாதேவன் சைக்கிளை அந்த வழியாக மிதிப்பான். தருமன் தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவனுக்கு அப்படி ஒரு பசி எடுக்கும். வீட்டுக்கு வந்து திருப்தியாகச் சாப்பிடுவான்.

பிறகு சாந்த் பாஷா டீக்கடையில் ஒரு சேதி கேட்டான். ஏரியில் ஊற்றியதுபோக மிச்சமிருந்த எண்ட்ரினில் கடலையை ஊறவைத்து, தருமன் கொல்லை முழுக்க இறைத்திருக்கிறானாம். சகாதேவன் உள்ளுக்குள் சிரித்தான். இறைக்கட்டும், செத்த எலியைத் தின்று ஆந்தையும் சாகும், அடுத்த போகத்தில் எலி இன்னும் ஜாஸ்தியாகும். அன்றைக்கே பலகையில் ஆந்தையின் நூலை அறுத்துவிட்டான்.

எலி தின்றதுபோக மிச்சத்தை வளைக்குள் சேர்த்து வைக்கும் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன்தான். அது அப்போது அவன் புத்தியில் ஏறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவன் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தபோது பொன்னி வந்தாள். கையில் வாய் கட்டிய துணிப்பை. நெற்றியில் பொட்டு இல்லை. சுப்பன் தருமன் கொல்லையில் வளை தோண்டினானாம். கிடைத்த கடலையை அவித்து முதல் ஆளாகத் தின்றானாம். வலிப்பு வந்து, ஆஸ்பத்திரி போவதற்குள் வண்டியிலேயே போய்விட்டானாம். அழாமல் சொன்னாள்.

பிறகு பலகையைப் பார்த்தாள். எலி எது, பாம்பு எது என்று கேட்டாள். அவன் காட்டினான்.

"சுப்பன் எங்க சார்?"

அந்தப் பலகையில் மனுஷனுக்கு ஆணியே இல்லை.

"வளைக் கடலைய நாங்க துன்னுவோம்னு உனக்குத் தெரியும். நீயும் துன்னுருக்கே." 'சார்' போய் 'நீ' என்று அவள் இறங்கியது அதுதான் முதல் தடவை.

சகாதேவன் கைகூப்பினான். தருமன்தான் விஷம் வைத்தவன் என்று குழறினான்.

"அவரையும்தான் கூட்டியாந்துக்கீறேன். பாம்பு புடிக்கச் சொன்னது யாருன்னு சொன்னேன். வெளிய நிக்கறாரு."

சொல்லி முடிப்பதற்குள் தருமன் உள்ளே பாய்ந்து சகாதேவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். இரண்டு பேரும் மேஜையில் மோதினார்கள். பலகை சரிந்து விழுந்தது. பொன்னி அவர்களை விலக்கவில்லை. குனிந்து பையின் முடிச்சை அவிழ்த்து, அவர்கள் காலடியில் வைத்தாள்.

"ஒண்ணு பாக்கி இருந்துதில்ல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.