கடைசி வீட்டின் காவல்

பட்டாளக் குடியிருப்பின் கடலோர வரிசை வீடுகள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஓரடி பின்னால் நகர்ந்தன. அன்று மீன் விலை இறங்கியிருந்தது, பால் விலை ஏறியிருந்தது. மூன்றையும் ஊர் ஒரே மூச்சில் பேசியது. புலம்பியது என்னவோ பால் விலையைப் பற்றித்தான்.

வீடுகள் நகர்ந்ததில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. அவற்றை ஒரு காலத்தில் பட்டாளத்துக்காரர்களே கட்டினார்கள். கல் சுமந்தவர், கலவை குழைத்தவர், சுண்ணாம்பு அடித்தவர் எல்லாருமே சீருடைக்காரர்கள். நூல் பிடித்தது போன்ற வரிசை அது. ஒரு வாசல்கூட மற்றொன்றை முந்தி நிற்காது. அங்கே குடியிருந்த டிரில் மாஸ்டர் ஓய்வு பெற்ற பிறகும் விடிந்ததும் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நின்று, ஆளில்லாத அணிக்கு ஆணையிடுவார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சொல்லிக்கொண்டு ஊர் அவரைத் தாண்டிப் போகும். ஆள்தான் இல்லையே தவிர, வீடுகள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. கடல் வருஷா வருஷம் கரையைத் தின்று தின்று வாசற்படிக்கே வந்துவிட்ட அன்று, அவர் வயிற்றெரிச்சலில் "அணி, ஓரடி பின்னால்!" என்று கத்தினார். வரிசை ஓரடி பின்னால் வைத்தது. திரும்பிக்கொண்டு ஓடவில்லை, கடலுக்குப் புறமுதுகு காட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. வாசலும் ஜன்னலும் அலையைப் பார்த்தபடி இருக்க, சமையலறைகள் முதலில் போயின. எல்லா வீட்டிலும் அடுப்பிலிருந்த பால் ஒரே பக்கமாகச் சிந்தியது. விலை ஏறிய அன்றா இது நடக்க வேண்டும் என்று பெண்கள் டிரில் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார்கள்.

கடைசி வீடு மட்டும் நகரவில்லை. அது நின்ற இடத்திலேயே நின்றது.

தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அன்று பிற்பகலே வந்துவிட்டார். அரசியலுக்கு வருமுன் பல் டாக்டராக இருந்தவர். தொகுதியில் பாதிப்பேர் அவர் முன்னால் வாயைப் பிளந்தவர்கள், ஆகவே அவரிடம் வாய்ச்சவடால் விட ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. பதவி வந்த பிறகும் எல்லாருக்கும் அவர் டாக்டரம்மாதான். எதையும் குனிந்து பார்க்காமல் விடமாட்டார். அன்றும் புடவையைப் பொருட்படுத்தாமல் ஈர மணலில் ஒருக்களித்துப் படுத்து, கைப்பையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடியை அஸ்திவாரத்துக்கு அடியில் விட்டுப் பார்த்தார். கால்களைத் தேடினார். காலும் இல்லை, சக்கரமும் இல்லை, இழுபட்ட தடமும் இல்லை. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, இது எப்படி நடந்தது என்பதை நிதானமாகக் கண்டுபிடிப்போம், இனி எங்கே நடப்பது என்பதை முதலில் பார்ப்போம் என்றார்.

அதுதான் சிக்கல். வீடுகளுக்குப் பின்னால் இருந்த நிலம் துறைமுகத்துக்குச் சொந்தம். ஓரடி அத்துமீறல் என்று துறைமுகத்தார் மறுவாரமே ஆள் அனுப்பினார்கள். டாக்டரம்மா சட்டமன்றத்தில் எழுந்து, தானாக நகரும் வீட்டோடு அதன் முகவரியும் மனையும் சேர்ந்தே நகரும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். வீடுகளுக்குப் பயணப்படியும் கேட்பீர்களா என்றார் நிதியமைச்சர். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வீட்டுக்கு அப்புறம் பார்க்கலாம், பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று காது போனவர்களுக்கு முதலில் காதுக்கருவி கொடுங்கள் என்று அவர் அந்தச் சிரிப்பிலேயே அடுத்ததைக் கேட்டார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டுக்கும் கையைத் தூக்கிவிட்டார்கள். அதன் பிறகு கடல் நெருங்கும்போதெல்லாம் டிரில் மாஸ்டர் ஆணையிட்டார், வரிசை பின்வைத்தது. துறைமுக நிலத்துக்கும் பின்னாலிருந்த மீனவர்கள் படகு நிறுத்தும் மணலில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு வீடுகள் அவர்களுக்குக் காற்றுத் தடுப்பாக நின்றன. இப்படியே சில வருஷங்கள் ஓடின. வரிசை உள்ளே போகப் போக, கடைசி வீடு தனியாக முன்னால் நின்றது. மழைக்காலத்தில் அலை அதன் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுப் போனது.

அந்த வீட்டில் ஐஸ்காரியும் அவள் மகளும் இருந்தார்கள். ஐஸ்காரி ஐஸ் தொழிற்சாலையில் பாளம் பாளமாக ஐஸ் தூக்குகிறவள்; ஆண்கள் இரண்டு பேர் பிடிக்கிற பாளத்தை ஒற்றை ஆளாக இடுப்பில் சாய்த்து நடப்பாள். அவள் புருஷன் ரோந்துப் படகில் போன சிப்பாய். படகும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. இறந்தவர் கணக்கில் சேர்க்கவில்லை என்பதால் பென்ஷன் கிடையாது. வேலையில் இல்லை என்பதால் சம்பளமும் கிடையாது. டாக்டரம்மா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அவளுக்குச் சொற்பமாக ஒரு உதவித்தொகை வாங்கிக் கொடுத்திருந்தார். வீட்டை விட்டுவிட்டு வா, மேட்டில் வேறு வீடு தருகிறேன் என்று கெஞ்சியும் பார்த்துவிட்டார். ஐஸ்காரி அசையவில்லை. வீடும் அசையவில்லை. இரண்டுக்கும் ஒரே பிடிவாதம் என்று ஊர் சொன்னது. அடுத்த புயலில் தாயும் பிள்ளையும் வீட்டோடு போய்விடுவார்கள் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த நினைப்பு டாக்டரம்மாவைத் தூங்கவிடவில்லை.

புயல் எச்சரிக்கை வந்த காலையில் அவர் டிரில் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். பல் பார்க்கும் கண்ணாடியின் பிடியால் சுவரை இடம் இடமாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். கெட்ட பல் ஒரு மாதிரி ஒலிக்கும், நல்ல பல் ஒரு மாதிரி ஒலிக்கும். இது கெட்டியாக ஒலித்தது. வீட்டுக்கு ஒரு கோளாறும் இல்லை, வேண்டுமென்றுதான் நிற்கிறது என்று முடிவுக்கு வந்தார். பிறகு ஐஸ்காரியிடம், உன் புருஷன் புறப்பட்ட அன்று என்னதான் சொன்னார் என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை.

ஐஸ்காரி சொன்னாள். "நான் வர்ற வரைக்கும் இங்கயே நில்லுன்னார். அதான் நிக்கறேன்."

"உன் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா?"

"அவசரமா கிளம்பிட்டிருந்தார். நான் உள்ள இருந்தேன். வாசத்தூணை ரெண்டு தட்டு தட்டி..." என்று ஆரம்பித்தவள் அங்கேயே நிறுத்தினாள். வாசல் தூணைப் பார்த்தாள். அதில் ஓரிடத்தில் மட்டும் சுண்ணாம்பு தேய்ந்திருந்தது. வேறு ஊர் வேலை, அண்ணன் வீட்டு அழைப்பு, மறுமணப் பேச்சு என்று அந்த ஒரு வார்த்தைக்காக அவள் தள்ளிவிட்டதெல்லாம் கண்முன்னால் வந்திருக்க வேண்டும்.

"அப்ப வீட்டுக்கிட்டதான் சொன்னாரா? என்கிட்ட ஒண்ணுமே சொல்லாம போயிட்டாரா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது, கடைசியில் கோபம்தான் மிஞ்சியது.

டிரில் மாஸ்டருக்கு உடனே விளங்கிவிட்டது. நில் என்று நிறுத்தப்பட்ட காவலாளி எந்த ஆணைக்கும் நகரமாட்டான். இன்னொருவர் வந்து பக்கத்தில் நின்று, காவல் இனி என் பொறுப்பு என்று வாயால் சொன்னால்தான் இடத்தை விடுவான். முதலில் ஐஸ்காரி சொல்லிப் பார்த்தாள். வீடு கேட்கவில்லை, யாரைக் காக்க நிற்கிறதோ அவளிடமே காவலைக் கொடுக்குமா? டிரில் மாஸ்டர் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னார். ஓய்வு பெற்றவர் என்று அவரையும் அது தள்ளிவிட்டது. மாவட்ட அதிகாரி தன் சார்பில் ஓர் எழுத்தரை அனுப்பினார். அவர் சொல்லி முடிப்பதற்குள், எத்தனை மணிக்குப் போகலாம் என்று கடிகாரத்தைப் பார்த்தார். வீடு அவரைப் பார்க்கக்கூட இல்லை என்று மகள் பிற்பாடு சொல்வாள்.

காற்று ஏறத் தொடங்கியது. டாக்டரம்மா செருப்பைக் கழற்றி வைத்தார். வாசல் தூணுக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நின்று, "நீ போ. இனிமே நான் நிக்கறேன். அவர் வந்தா வழி சொல்றது என் பொறுப்பு" என்றார். வீடு ஒரு பெருமூச்சு விட்டது. சுவரெல்லாம் நெட்டி முறிவது போல் சத்தம் கேட்டது, பாத்திரங்கள் குலுங்கின. உள்ளே பல் துலக்கிக்கொண்டிருந்த மகள் வாய் நுரையோடு ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது, வீடு அடிமேல் அடி வைத்துப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஐஸ்காரி அதன் பின்னாலேயே ஓடினாள். பொழுது சாயுமுன் அது வரிசையில் தன் இடத்தில் போய் நின்றுவிட்டது. அன்றைய புயலில் குடியிருப்பில் ஓடுகள் பறந்தன, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை; தனியாக நின்ற டாக்டரம்மாவையும் அலை சுற்றிவிட்டுத்தான் போனது.

வீடு ஏன் இவரை ஏற்றுக்கொண்டது என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. பட்டாளத்துக்கு உத்தரவு மேலிருந்து வரும், அந்த மேலிடம் மக்கள் தேர்ந்தெடுத்தவர்தான் என்பது டிரில் மாஸ்டர் கட்சி. வந்தவர்களில் வீட்டின் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரித்தவர் அவர்தானே என்பது ஐஸ்காரி மகளின் கட்சி.

புயல் ஓய்ந்ததும் டாக்டரம்மா வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்று நாலு எட்டு வைத்தார். தூரத்தில் கடைசி வீடு கடமுடா என்று ஓரடி முன்னால் வந்தது. அவர் திரும்பி வந்து நின்றார். வீடு பின்வாங்கியது. இன்னொரு தடவை சோதித்துப் பார்த்தார்; ஆர்வம் விடவில்லை. அதே பதில்தான் வந்தது. சரி, வாக்குக் கொடுத்தாயிற்று என்று நின்றுவிட்டார். அவருடைய வீட்டுக்காரர், வரிக் கணக்கு பார்க்கிற பொறுமைசாலி, அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, "பட்டாளத்துல கூட லீவு குடுப்பாங்களே" என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து தனக்கும் அவருக்கும் சேர்த்துக் கொண்டுவந்தார்.

கடல் டாக்டரம்மாவைச் சுற்றிக்கொண்டது. முதலில் கணுக்கால், அடுத்த வருஷம் முழங்கால், பிறகு இடுப்பு. அதற்கு மேல் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று கடலைக் கேட்டவர் யாருமில்லை. அவருக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. தூக்கம் வந்தால் நின்றபடியே தூங்கினார். மனு கொடுக்கிறவர்கள் படகில் வந்தார்கள். நடுவே பல்வலி என்று வருகிறவர்களுக்குப் படகு ஆடாத நேரமாகப் பார்த்துப் பல்லும் பிடுங்கினார். சபாநாயகர் யோசித்துப் பார்த்து, உறுப்பினர் தொகுதிக்குள்தான் நிற்கிறார், அதனால் குறையொன்றும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லி, தொலைபேசிக் கம்பி இழுக்க அனுமதித்தார். அடுத்த தேர்தலில் எதிர்த்து நின்றவர் படகில் பிரசாரத்துக்கு வந்து, குமட்டல் தாங்காமல் இவரிடமே கரைக்கு வழி கேட்டுப் போனார். பயல் அதோடு அரசியலையே விட்டுவிட்டான் என்று மீனவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

பிறகு வேறொரு விதமான படகுகள் வந்தன. வேறு ஊர்களிலிருந்து, வேறு படகுகளிலும் வேறு எல்லைகளிலும் ஆளைத் தொலைத்த குடும்பங்கள் வந்தன. நீங்கள் எப்படியும் நிற்கிறீர்கள், எங்கள் ஆள் வந்தாலும் வழி சொல்லுங்கள் என்றார்கள். அவர் ஒவ்வொருவரையும் பற்றி நுணுக்கி நுணுக்கிக் கேட்டுக்கொண்டார்: உயரம், நடை, கோபம் வந்தால் எப்படிப் பேசுவார், எந்தப் பக்கம் மெல்லுவார். அந்த வருஷந்தான் தண்ணீரில் நின்றபடி தொலைபேசியில் அடுத்த மசோதாவைக் கொண்டுவந்தார். காணாமல் போன வீரர் திரும்பி வரும்வரை வேலையில் இருப்பதாகவே வைத்து, சம்பளம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றது அது. எத்தனை காலத்துக்கு என்று கேட்டார் நிதியமைச்சர். தொலைபேசியில் கொஞ்ச நேரம் அலைச்சத்தம் மட்டும் கேட்டது. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மசோதா நிறைவேறியது.

ஐஸ்காரிக்குச் சம்பளம் வரத் தொடங்கியது. அவள் ஐஸ் தூக்குவதை விடவில்லை. சும்மா உட்கார்ந்தால் கோபம் ஆறிப்போய்விடும் என்றாள். மகள் படித்து முடித்துத் துறைமுகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள்.

ஒரு பிற்பகலில் வழக்கம்போல் மனு வாங்கிக்கொண்டிருந்தபோது, ஆழத்துப் பக்கமிருந்து ஓர் ஆள் நடந்து வந்தார். நீந்தவில்லை, நடந்துதான் வந்தார். சீருடை பாசி பிடித்துப் பச்சையாகியிருந்தது, தலை நரைத்திருந்தது. டாக்டரம்மாவுக்கு முன்னால் வந்து நின்று சுற்றிலும் தண்ணீரைப் பார்த்தார். இங்கே ஒரு வீடு இருந்ததே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நேரா கரைக்குப் போங்க. கரையோர வரிசை, கோடி வீடு. கதவு தெறந்துதான் இருக்கும்."

அவர் நகரவில்லை. நின்றது யார், யாருக்காக என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பட்டாளத்து உடம்பு, தானாக விறைத்துக்கொண்டது. "நீங்க போங்கம்மா. இது என் காவல். இனிமே நான் நிக்கறேன்" என்றார்.

டாக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். எத்தனையோ வருஷமாக இந்த ஆளிடம் கேட்க வேண்டும் என்று எத்தனையோ கேள்வி வைத்திருந்தார். எங்கே இருந்தார், என்ன சாப்பிட்டார், கடலுக்கடியில் மூச்சு எப்படி என்று. ஒன்றையும் கேட்கவில்லை.

"நீங்க நின்னா அவ மறுபடியும் காத்திருக்கணும். எனக்கு இன்னும் ஆள் வரவேண்டியிருக்கு. நீங்க போங்க."

அவர் போனார். கரையேறும்வரை டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் கோடி வீட்டிலிருந்து ஐஸ்காரியின் குரல் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது. அவள் திட்ட ஆரம்பித்திருந்தாள். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்ததை ஒன்றுவிடாமல் எடுத்தாள். நடுநடுவே ஆண்குரல் ஏதோ சொல்ல வாயெடுத்து அடங்கியது. படகில் இருந்தவர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். விளக்கு வைக்கிற நேரம்வரை திட்டு நிற்கவில்லை. டாக்டரம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். மனசு நிறைந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு படகில் காத்திருந்த பெண்ணைப் பக்கத்தில் வரச் சொன்னார். அவள் அண்ணன் வடக்கு எல்லைக்குப் போனவராம். டாக்டரம்மா அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் எப்படிச் சிரிப்பார், சொல்லும்மா" என்று கேட்டார்.