வெட்டிய தொப்பிகள்

ஐஸ் பெட்டியைக் கூடத்தில் வைக்க இடம் போதாமல் கஜபதி மேசையை இழுத்தான். மேலிருந்த தகரப்பெட்டி சரிந்து விழுந்து திறந்துகொண்டது. கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள் தரையெங்கும் உருண்டார்கள். பாதிப் பேருக்குத் தலை இல்லை. கழுத்துக்குக் கழுத்து ஒரு குண்டூசி.

செத்துப்போன தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வள்ளியம்மாள் அழுகையை நிறுத்தினாள்.

"யாரோ செஞ்சி வெச்சிருக்காங்கடா. நல்லா இருந்தவன் நேத்து நெஞ்சைப் புடிச்சிகினு உக்காந்தான், எழுந்திருக்கலியே. பாரு, கழுத்துல ஊசி."

"அவரே செஞ்சதுங்க. பொம்மைங்க," என்றாள் அவன் மனைவி சுதா.

"நாப்பத்தொம்போது வயசுல பொம்மை இன்னாத்துக்கு? ஊசி இன்னாத்துக்கு?"

"தலைய வெட்டி வேற தலை வெப்பாருங்க..."

சுற்றியிருந்த பெண்கள் காலை இழுத்துக்கொண்டார்கள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சந்திரமோகன் சொல்லாத நாளா? அரக்கோணத்து ரயில்வே வேலை முடிந்து வந்தால், கை கால் கழுவியதும் கழுவாததுமாக அந்த மேசைதான். தபாலில் வந்த வெள்ளைக்காரச் சிப்பாயின் தொப்பியை வெட்டிவிட்டு, எம்-சீல் பசையை உருட்டித் தலைப்பாகை கட்டுவான். ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய், தன்னைப் போன்ற நாலு பேரோடு செஞ்சிக்கோட்டை முற்றுகையை மேசையில் பரப்பி, பகடை உருட்டிச் சண்டை போடுவான். திரும்பி வந்து யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்வான். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே "ஆங்" என்பாள். சீரியலிலிருந்து திரும்பாமலே "ஆங்." பதினோரு வருஷம். அந்த அப்பாவி மனுஷனும் அதையே நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த நாலு பேரில் ஒருவன் வந்தாலும் போதும், எடுத்துச் சொல்வான். நம்பரெல்லாம் சந்திரமோகனின் போனில் இருந்தது. போன் அவன் விரலுக்குத்தான் திறக்கும்.

கஜபதி கையால் தொடாமல் முறத்தில் வாரிப் பெட்டியில் கொட்டினான்.

மத்தியானம் பாடை வந்தது. தலைக்கு ஊற்றிய ஈரத்தோடு அவளைச் சுற்றிவரச் சொன்னார்கள். அவன் விரல் நகத்தில் சிவப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கஜபதி கெட்டவன் இல்லை. ஒருமுறை கேட்கத்தான் செய்தான்.

"அண்ணி, அந்தப் பெட்டிய எடுத்துகினு போவட்டுமா? அண்ணன்கூடவே வெச்சிக் கொளுத்திடலாம்."

"ஆங்," என்றாள்.

என்ன சொன்னோம் என்று உறைத்தபோது மேளச் சத்தம் தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஓடலாம் என்று படியில் கால் வைத்தாள். பெண்கள் இரண்டு பேர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

வள்ளியம்மாள் கூடத்தைக் கழுவிவிட்டாள். தண்ணீரோடு மேசைக்கடியிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டில் மூடி மிதந்து வந்தது. சுதா குனிந்து எடுத்தாள். உள்ளே அவன் வெட்டிப்போட்ட தொப்பிகள், மிளகளவு.

"இன்னாது சுதா, குப்பையா? குடு, போட்டுடறேன்."

சுதா மூடியோடு நகர்ந்தாள். ஜன்னலுக்குப் போய், ஒவ்வொரு தொப்பியாக விரல் நுனியில் ஒட்டியெடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.