பதினோரு பதில்கள்

தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னாலிருந்த அந்தத் தையல் கம்பெனியின் மேல்மாடியில் பதினோரு பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்து, சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். எல்லோரும் மடிப்புக் கலையாத புதுத் தாவணி கட்டியிருந்தார்கள். மானேஜர் ரகுபதி முந்தின நாள் வாங்கிக் கொடுத்தது.

ஜலஜா கீழ்த்தளத்து ஆபீசில் டைப்பிஸ்ட். ஆறு வருஷமாக வேலை பார்த்தும், மேல்மாடிக்கு அன்றுதான் முதல்முறையாக ஏறினாள். அங்கே பெண்கள் தங்கியிருப்பதே அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். சட்டைகளை வாங்கும் லண்டன் கம்பெனி, அவற்றை யாரும் கட்டாயத்தின் பேரில் தைக்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வெள்ளைக்கார அம்மாளை அனுப்பியிருந்தது. ஆபீசில் சரளமாக இங்கிலீஷ் பேசுகிறவள் ஜலஜாதான்.

"அதுங்க சொல்றத அழகா இங்கிலீஷ்ல சொல்லிடுங்க மேடம், போதும்" என்று காலையிலேயே ரகுபதி சொன்னார். "உங்க வீட்டுக்காரர் வேலை விஷயமா எம்.டி. கிட்ட பேசியிருக்கேன்."

ஜலஜாவின் கணவர் வெங்கடரமணன் வேலை பார்த்த கிண்டி ஃபாக்டரி மூடி எட்டு மாதமாகியிருந்தது. இத்தனை நாள் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்காத ரகுபதிக்கு இன்று மட்டும் ஏன் ஞாபகம் வந்தது என்று அவள் யோசித்தாள். ஆனாலும் தலையாட்டினாள்.

அந்த அம்மாள் பெண்களை ஒவ்வொருத்தியாக மாடியறைக்குள் கூப்பிட்டாள், ரகுபதியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டாள். கதவுக்குக் கீழே இருந்த இடைவெளியில் அவருடைய ஷூ தெரிந்துகொண்டேயிருந்தது.

முதல் பெண் வந்து உட்கார்ந்தாள். "நாங்க இஷ்டப்பட்டுத்தான் வந்தோம். நேரத்துக்குச் சாப்பாடு போடுறாங்க. எப்ப வேணும்னாலும் ஊருக்குப் போகலாம்."

ஜலஜா மொழிபெயர்த்தாள். இரண்டாவது பெண்ணும் அதையேதான் சொன்னாள். மூன்றாவது பெண்ணும் அப்படியே. சொன்ன வாக்கியத்தையே திருப்பிச் சொன்னால் இங்கிலீஷ் நன்றாக இராது என்று ஜலஜா ஒருத்திக்குச் சாப்பாட்டை முதலில் சொன்னாள், இன்னொருத்திக்கு ஊரை முதலில் சொன்னாள், வார்த்தைகளையும் மாற்றிப் போட்டாள். ஆறு பேர் முடிந்ததும் அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஒவ்வொருத்தியும் சொந்த வார்த்தையில் பேசுகிறாள், அதனால்தான் தனக்கு நம்பிக்கை வருகிறது என்றாள்.

அந்தச் சொந்த வார்த்தைகள் எல்லாம் ஜலஜாவுடையவை.

ஏழாவதாக வந்தவள் சங்கரேஸ்வரி. ரிஜிஸ்டரில் வயது பதினெட்டு. பதினைந்துகூட இருக்காது என்று ஜலஜாவுக்குத் தோன்றியது.

"ஊருக்குப் போய் எத்தனை நாளாச்சு?"

"எதுக்குக் கேக்கீக?"

"இவாகிட்ட சொல்லத்தான். பயப்படாதேடிம்மா."

"நீங்க ஆபீசுக்காரகதான" என்றாள் சங்கரேஸ்வரி, குரலைத் தாழ்த்தி. "போன மாசமும் ஒருத்தரு, கவர்மெண்டு ஆளுன்னு வந்து இப்பிடித்தான் கேட்டாரு. எங்ககூட இருந்த மாரித்தாயி நெசத்தச் சொல்லிட்டா. அவரு மானேசரு அனுப்பின ஆளுன்னு பொறவுதான் தெரிஞ்சுச்சு. அன்னைக்கே அவள எங்கயோ கொண்டுபோயிட்டாக."

ஜலஜா கதவைப் பார்த்தாள். ஷூ அசையவில்லை.

"இந்தம்மாவாச்சும் நெசமாவே வெளியாளா?"

"நெசம்தான். லண்டன்."

சங்கரேஸ்வரி அந்த அம்மாளின் கையைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். பிறகு உதடு அசையாமல் பேசினாள். "எங்கய்யா பருத்தி போட்டாரு. வெதையும் மருந்தும் மொதலாளி ஆளுகதான் கடனாக் குடுத்தாக. பூச்சி விழுந்து எல்லாம் போச்சு. அதுக்கு மூணு வருசம் என்னையக் கேட்டாக. எங்கூர்ல வீட்டுக்கு ஒரு பிள்ள இப்பிடித்தான் போயிருக்கு. காட்டுல வெளையிற பருத்தியும் அவருக்குத்தான், நூல் மில்லும் அவருதுதான், இந்தச் சட்டையும் அவருதுதான். ராத்திரி வெளிய இருந்து பூட்டிருவாக. தீப்பிடிச்சாக்கூட..." நிறுத்திக்கொண்டாள். "நான் சொன்னா இன்னைக்கே எங்களக் கூட்டிட்டுப் போவாகளா? கேட்டுச் சொல்லுங்க."

பெண்கள் புகார் சொன்னால் இன்றே அழைத்துப் போவீர்களா என்று மட்டும் ஜலஜா கேட்டாள். புகார் என்று ஏதாவது இருந்தால் லண்டனுக்கு எழுதுவேன், அங்கே பரிசீலிப்பார்கள், ஒரு மாதமாவது ஆகும் என்றாள் அந்த அம்மாள்.

"ஒரு மாசம் ஆகுமாம்."

"அது வரைக்கும் நாங்க இங்கதான கெடக்கணும்?"

சங்கரேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கதவுக்கு வெளியேயும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "நாங்க இஷ்டப்பட்டுத்தான் வந்தோம். நேரத்துக்குச் சாப்பாடு போடுறாங்க. எப்ப வேணும்னாலும் ஊருக்குப் போகலாம்."

ஜலஜா அதை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தாள். பிறகு, தாழ்ந்த குரலில், ஏழு பேரும் ஓர் எழுத்து மாறாமல் இதையேதான் சொன்னார்கள், மாற்றிச் சொன்னது நான்தான் என்றாள்.

அந்த அம்மாளின் முகம் மாறியது. ஆனால் அவள் சங்கரேஸ்வரியைப் பார்க்கவில்லை, ஜலஜாவைத்தான் பார்த்தாள். ஏன் மாற்றினாய்? இந்தப் பெண்ணோடு இவ்வளவு நேரம் என்ன பேசினாய்? உனக்கும் கம்பெனிக்கும் ஏதாவது தகராறா? பதிலுக்குக் காத்திராமல் எழுந்து கதவைத் திறந்து, இவள் இந்தப் பெண்ணோடு ஏதேதோ பேசுகிறாள், வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ரகுபதியிடம் கேட்டாள்.

"நானே இருக்கேனே" என்று அவர் இங்கிலீஷில் சொல்லிவிட்டு ஜலஜாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டாவது பெண் வந்தாள்.

மதியம் அந்த அம்மாளின் கார் போன பிறகு வாட்ச்மேன் முருகையன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். "இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாரி கீது? மேல இன்னா ஆச்சு? ஊர்ல கீற மில்லுக்கு இப்பவே வேன் போவுதாம். ஒரே ஒரு பொண்ணுதான் போவுது."

"எந்தப் பொண்ணு?"

ரகுபதி உள்ளே வருவதைப் பார்த்து அவன் நகர்ந்துவிட்டான். ரகுபதி கோபப்படவில்லை. எப்போதும்போல மரியாதையாக ஒரு தாளை அவள் மேஜைமேல் வைத்தார். ஒன்றும் எழுதாத வெள்ளைத்தாள். அடியில் மட்டும் ஊதா மையில் ஒரு கைநாட்டு. மை இன்னும் காயவில்லை.

"சங்கரேஸ்வரின்னு பேர் போடுங்க. மில்லுக்கு மாத்திக்கச் சொல்லி அதுவே கேக்கற மாதிரி. சொந்த விருப்பத்துலன்னு மறக்காம வரணும். உங்க இங்கிலீஷ்தான் நல்லா இருக்கும் மேடம்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். தெருவில் வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. ஜலஜா தாளை மெஷினில் செருகி உருளையைத் திருகினாள். எழுத்து அந்தச் சின்ன விரலின் ரேகைமேல் விழுந்துவிடாமலிருக்க எத்தனை வரி அடிக்கலாம் என்று பார்த்தாள். இடம் நிறையவே இருந்தது.