நடுத்தர அளவு வறுத்த மீன்

மாமனார் தன் இடதுகால் செருப்பைக் கழுவித் துடைத்துத் தட்டில் வைத்து, அதற்கு நேரே செல்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உப்புக்காரி பல் தேய்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு செல்பேசி கலகலவென்று கைதட்டியது.

'வறுத்த மீன், நடுத்தர அளவு. புரதம் போதுமானது. சபாஷ்! கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாமே?'

"வீட்ல எலுமிச்சை இருக்காம்மா?" என்றார் மாமனார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. லாரி ஓட்டிய காலத்தில் இதே முகத்தை வைத்துக்கொண்டுதான் சோதனைச் சாவடிகளைக் கடந்திருப்பார்.

உப்புக்காரி என்பது ஆஸ்பத்திரியில் அவளுக்கு விழுந்த பெயர். உணவு ஆலோசகர். ஊரார் தட்டிலிருந்தெல்லாம் உப்பைப் பிடுங்கி எறிகிறவளுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை. அவள் வார்டுக்குள் நுழைந்தால் சிப்ஸ் பொட்டலங்கள் தாமாகவே நகர்ந்து கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். நேரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு நோயாளியின் செல்பேசியிலும் இந்த உணவுச் செயலியை ஏற்றி அனுப்புவது என்று ஆஸ்பத்திரி முடிவு செய்திருந்தது. அதற்குமுன் மூன்று பேர் அதைப் பயன்படுத்திப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும்: கணினிப் பிரிவுத் தம்பி, தலைமைச் செவிலி, உப்புக்காரி. நிறம் கண்ணுக்கு இதமா, எழுத்து பெரிதா, விரல் தடுக்காமல் போகிறதா, சட்டென்று திறக்கிறதா. எல்லாவற்றுக்கும் அவள் மனசார அள்ளிப் போட்டாள். உண்மையிலேயே அழகான செயலி. வயதானவர் ஒருவரும் பார்க்கட்டுமே என்று மாமனாரின் செல்பேசியிலும் அவளே ஏற்றிக் கொடுத்தாள். செருப்பு மீனானதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, படம் பார்ப்பதில் கொஞ்சம் தடுமாற்றம் என்று ஒரு மதிப்பெண் மட்டும் குறைத்தாள்.

அடுத்த வாரம் மாமனாரின் சட்டையை மடித்து வைக்க அலமாரியைத் திறந்தபோது வாழைப்பழ வாசம் குப்பென்று அடித்தது. கம்பளிக்குள் அரைச் சீப்பு பழம், சட்டைப் பையில் தோல். அவருடைய சிறுநீரகங்கள் பாதி வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்து இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து வாழைப்பழம் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

"மாமா, என்ன இது?"

"பொட்டாசியம்," என்றார், பிடிபட்டவரின் கூச்சம் துளியுமில்லாமல். "எனக்குக் கம்மியாம். தினம் ரெண்டு பழம், ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ். உன் ஆஸ்பத்திரியே சொல்லுது. நீதான் இத்தனை நாளா மறைச்சிட்ட."

"உங்க கிட்னி கெட்டிருக்கான்னு அது கேட்டுச்சா?"

"வயசு கேட்டுச்சு. உயரம் கேட்டுச்சு. பிடிச்ச கலர் என்னன்னு கேட்டுச்சு. பச்சைன்னேன். அதுக்கும் கைதட்டுச்சு."

அவள் அப்படியே அவரை ஆட்டோவில் ஏற்றினாள். இரத்தத்தில் பொட்டாசியம், இதயம் எந்த நிமிஷமும் நின்றுவிடக்கூடிய இடத்துக்கு ஏறியிருந்தது. நெஞ்சில் ஒயர்களோடு படுத்துக்கிடந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "திட்டாதம்மா. நம்ம வீட்ல எனக்குன்னு யாரு கைதட்டுனா, சொல்லு? நீ வாயத் தொறந்தாலே கூடாது, கூடாதுதான்."

உப்புக்காரி அவருடைய போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

மறுநாள் இயக்குநரின் அறையில் வீட்டில் நடந்ததைச் சொல்லி மதிப்பெண் தாளை நீட்டினாள். எல்லாக் கேள்விக்கும் முன்பு போட்ட அதே மதிப்பெண். கடைசியில் அவளே பேனாவால் ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தாள்: உனக்கு என்ன நோய் என்று கேட்கிறதா? அதற்குப் பூஜ்யம். மொத்தமும் பூஜ்யம்.

"ஒரு கேள்விக்குப் பூஜ்யம்னா மொத்தம் எப்படிம்மா பூஜ்யமாகும்?" என்றார் இயக்குநர். "பள்ளிக்கூடத்துல கூட்டல் சொல்லித் தரலையா?"

"பாலம் நல்லா இருக்கு சார். பெயின்ட் நல்லா இருக்கு, விளக்கு போட்டிருக்கு, ஏறுறதும் சுலபம். நடுவுல மட்டும் பாலம் இல்ல. எத்தனை மார்க் போடலாம், நீங்களே சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்த ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. பேனர் அடிச்சாச்சு. திங்கக்கிழமை விழா. உங்க வீட்டுப் பிரச்சினையை இங்க கொண்டு வராதீங்க."

"எட்டாம் கட்டில் தையல்காரருக்கும் அதே கிட்னிதான் சார். அவர் திங்கக்கிழமை வீட்டுக்குப் போறார். அவர் போன்லயும் ஏத்திதான் அனுப்புவீங்க."

"கையெழுத்துப் போடலைன்னா உங்களைச் சாமான் கிடங்குக்கு மாத்த வேண்டியிருக்கும். உக்காந்து உப்பு மூட்டை எண்ணுங்க."

"எண்ணுறேன் சார். உப்பு பொய் சொல்லாது."

வெளியே வந்ததும் கணினித் தம்பி பின்னாலேயே ஓடிவந்தான். "அக்கா, ஏன்க்கா வீம்பு? ஒரு கையெழுத்துதானே?"

"வீம்புதான்டா," என்றாள் உப்புக்காரி. "வேற என்னன்னு நெனச்ச?"

ஆனால் ஆஸ்பத்திரி அவளுடைய வீம்பையும் மிஞ்சி ஒரு காரியம் செய்தது. செயலிக்கு நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்த முதியவர் யாராவது உண்டா என்று கணினியில் தேடி, கிடைத்த ஒரே பெயரான மாமனாரை மேடையில் பேச அழைத்தது. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் தங்கள் மாடியிலேயே ஒயர்களோடு படுத்துவிட்டுப் போனவர் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

"போகாதீங்க மாமா. கிடங்குக்குப் போறதுக்கு நான் தயாராத்தான் இருக்கேன். உங்களை வச்சு அவங்க கைதட்டு வாங்க வேண்டாம்."

"எனக்கு மேடையில பேச வராதும்மா," என்றார் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே. "காட்டத்தான் வரும்." கிளம்புவதற்கு முன் குளியலறைக் குழாய் வெகுநேரம் ஓடியது.

திங்கட்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில் தையல்காரர், செயலியை ஏற்றித்தரச் சொல்லிச் செல்பேசியைக் கையில் தயாராக வைத்திருந்தார். உப்புக்காரி கடைசி வரிசையில் சுவரோரம் நின்றாள். மாமனார் மெல்ல மேடை ஏறினார். இயக்குநர் நீட்டிய ஒலிவாங்கியைக் கும்பிட்டு ஒதுக்கினார். பைக்குள் கைவிட்டு ஈரம் காயாத இடதுகால் செருப்பை எடுத்து, பூச்செண்டுக்குப் பக்கத்தில் வெள்ளை விரிப்பின்மேல் பதமாக வைத்தார். குதிகால் தேய்ந்த செருப்பு. செல்பேசியை அதற்கு நேரே பிடித்தார். கணினித் தம்பி முன்பே இணைத்து வைத்திருந்ததால் எல்லாம் பின்னாலிருந்த பெரிய திரையில் தெரிந்தது.

வட்டம் சுற்றத் தொடங்கியது. இயக்குநர் பாதி எழுந்த நிலையில் நின்றுவிட்டார். தையல்காரர் கழுத்தை நீட்டினார்.

மேடையிலிருந்து மாமனார் கடைசி வரிசையைத் தேடிப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. செல்பேசி முந்திக்கொள்வதற்குள் உப்புக்காரி கைதட்டத் தன் இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினாள்.