எந்தக் கார்

“எந்தக் கார் அண்ணை அடிச்சது?”

இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு கேட்டவர் யாரென்று குலசிங்கத்துக்கு நினைவு வரவில்லை. மனைவியின் பக்கத்துச் சொந்தமாக இருக்கலாம். அவருக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பெட்டிக்குள் சந்திரவதனா கலியாணக் கூறைச்சேலையோடு கிடந்தாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

“கார் ஒண்டும் அடிக்கேல்லை. பைக்கால விழுந்தவ.”

“மோட்டார் பைக்கோ?”

“இல்லை. பற்றறியில ஓடுற சைக்கிள்.”

“அப்ப அதைத்தான் கார் தட்டினதோ?”

“இல்லை. சும்மா விழுந்தவ.”

வந்தவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். அவர் நம்பவில்லை என்பது கையை விட்ட விதத்திலேயே தெரிந்தது. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. குலசிங்கத்துக்கே அது பிடிபடாத விஷயமாகத்தான் இருந்தது. விழுந்த மனுசி எழும்பி, அந்தப் பைக்கையே உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கையைக் கழுவித் தேத்தண்ணி போட்டவள். அப்படிப்பட்டவள் எப்படி இங்கே வந்து கிடக்கிறாள்?

மண்டபத்தின் மறுகோடியில் மைத்துனன் றமேஸ் நாலு பேரைச் சுற்றி வைத்துக்கொண்டு கதைத்தான். “வெள்ளை வான் எண்டுதான் நான் நினைக்கிறன். தட்டிப்போட்டு நிக்காமல் போயிருக்கிறான். அக்கா பயத்தில சொல்லேல்லை. அந்தச் சந்தியில கமெரா இருக்கு, நான் விடமாட்டன்.” காலையில் வெறும் வான் என்றவன், இப்போது அதற்கு வெள்ளை நிறமும் பூசிவிட்டான். கேட்டவர்களுக்கும் அது ஆறுதலாக இருந்தது போலிருந்தது. ஒரு வான் என்றால் கோபப்படலாம்.

வசந்தத்தில்தான் சந்திரவதனா அந்தப் பைக்கை வாங்கினாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. காலைப் பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. “இந்த வயசில உது தேவையோ? சனம் என்ன சொல்லும்?” என்று குலசிங்கம் கேட்டார். “சனம் என்னைக் கொண்டுபோய் வேலையில விடுமோ?” என்றாள் அவள். பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கும் மகள் நிலாணி தலைக்கவசம் வாங்கிக்கொண்டு வந்தாள். “அம்மா, strap-ஐப் பூட்டாமல் போடக்கூடாது. It's useless then, okay?” என்று தானே தாயின் நாடிக்குக் கீழே பூட்டிக் காட்டினாள்.

ஒருநாள் அவர் வேலையிடத்து ஆட்களோடு பஸ் தரிப்பில் நின்றபோது அவள் அந்த வழியாக வந்தாள். மணி அடித்துக் கையைக் காட்டினாள். குலசிங்கம் தொலைபேசியில் எதையோ பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். அன்றிரவு அவள் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “இறக்கத்தில வரேக்கை காத்து என்ன மாதிரி அடிக்குது தெரியுமோ?” என்று மட்டும் சொன்னாள்.

விழுந்த அன்றும் அவள் வழக்கம்போலத்தான் உள்ளே வந்தாள். உள்ளங்கை இரண்டும் உரஞ்சியிருந்தன. காற்சட்டையின் பின்பக்கம் சேறு.

“என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லை. இலை வழுக்கிப்போட்டுது.”

“நான் அப்பவே சொன்னனான்.”

அவள் கேத்திலை வைத்தாள். அவருடைய கோப்பைக்குச் சீனி போட்டாள். கொஞ்சம் நின்று, திரும்பவும் போட்டாள். பிறகு, “நிலாணி பள்ளிக்கூடத்தால வந்திட்டாளோ?” என்று கேட்டாள். நிலாணி வங்கியில் வேலை செய்கிறாள், கலியாணமாகி வருடங்களாகிவிட்டன. குலசிங்கம் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அவளும் அவரைப் பார்த்துச் சிரித்தாள். தலை இடிக்குது என்று சொல்லிப் படுக்கப்போனாள். ஒருதரம் எழும்பிக் கழுவுதொட்டிக்குள் சத்தி எடுத்தாள். வெறுவயிற்றில் வேலை செய்த களைப்பு என்று அவர் ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டார். இருட்டும் நேரம் எழுப்பப் போனபோது அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள், அவள் ஒருநாளும் விடாத மாதிரியான குறட்டை.

மண்டைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் நன்றாக இருப்பதுபோலத்தான் இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் வைத்தியர் படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினார். நிலாணி அதைத் தமிழில் சொன்னாள். இரண்டு மொழியிலும் கேட்டும் குலசிங்கத்துக்கு விளங்கவில்லை. மறுநாள் பின்னேரம் மூச்சு அடங்கியது.

வரிசை முடியப்போகும் நேரம் ஒரு பெண் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. பெட்டிக்குள் ஒருதரம் பார்த்ததும் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

“அங்கிள், என்ர பேர் ஏஞ்சலா. உங்களுக்கு என்னைத் தெரியாது. பேஸ்புக்கில மரண அறிவித்தல் வந்தது. படத்தைப் பாத்த உடன தெரிஞ்சிட்டுது. அன்ரி விழேக்கை நான் பஸ் தரிப்பில நிண்டனான்.”

குலசிங்கம் அவளைக் கதிரைகளுக்குப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். றமேஸ் அங்கிருந்து எட்டிப் பார்த்தான். அவன் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது.

“கார் தட்டினதோ பிள்ளை?”

“கார் இல்லை அங்கிள். அவ ஓடேல்லையே. சிவப்பு விளக்கில ஒரு காலை ஊண்டிக்கொண்டு நிண்டவ.” ஏஞ்சலா தன் காலை அகட்டி வைத்துக் காட்டினாள். “போன் அடிச்சது. தலையில போட்டிருந்ததின்ர நாடாவைக் கழட்டிப்போட்டு, ஒரு கையால தோள்பைக்குள்ள போனைத் தேடினவ. போன் நிண்டு திரும்பவும் அடிச்சது. அந்த அவசரத்தில மற்றக் கை பிடியை முறுக்கியிருக்க வேணும். பைக் முன்னுக்குப் பாஞ்சுது. கால் இலையில சறுக்க, அவ பின்பக்கமா விழுந்து தலை கல்லில பட்டுது. தொப்பி கழண்டு உருண்டு போச்சு.”

றமேஸ் வருகிறானா என்று குலசிங்கம் திரும்பிப் பார்த்தார்.

“நான் தூக்கிவிட்டு, அம்புலன்சைக் கூப்பிடட்டோ எண்டு கேட்டனான். சிரிச்சுக்கொண்டு வேண்டாம் எண்டா. ‘என்ர மனுசனுக்குத் தெரிஞ்சால் இனி ஓட விடமாட்டார்’ எண்டு சொன்னவ. பிறகு என்ர பஸ் வந்திட்டுது. நான் ஏறிட்டன் அங்கிள்.” அவள் அழத் தொடங்கினாள். “நான் கூப்பிட்டிருக்க வேணும்.”

“இல்லை பிள்ளை. உன்னில பிழை இல்லை.” தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல இருந்தது. “போனில ஆர் கூப்பிட்டது எண்டு சொன்னவவோ?”

“இல்லை. அவ பாக்கேல்லை எண்டு நினைக்கிறன்.”

அன்று வேலை முடிந்து வந்த குலசிங்கம் குளிர்ப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவளை அழைத்திருந்தார். எந்தச் சட்டியில் இருப்பது நேற்றைய குழம்பு என்று தெரியவில்லை. அவள் எடுக்கவில்லை. திரும்பவும் அழைத்தார். அதை அவர் இந்த நிமிடம்வரை ஒருதரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. அவருடைய அழைப்புத்தானா? அவளுடைய வேலையிடத்திலிருந்தும் யாராவது அழைத்திருக்கலாமே? எத்தனை மணிக்கு அழைத்தோம்? நினைக்க நினைக்க அந்தப் பின்னேரம் கலங்கிப்போனது. முதலில் குழம்பா, முதலில் அவள் வந்த சத்தமா என்றுகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

றமேஸ் வந்துவிட்டான். “என்னவாம் அத்தான்? வானைக் கண்டவவோ?”

குலசிங்கம் ஏஞ்சலாவைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இலை வழுக்கினதாம்,” என்றார்.

ஐயர் கூப்பிட்டார். மகன் இல்லாததால் கிரியை குலசிங்கத்துக்குத்தான். சொன்ன இடத்தில் இருந்தார், சொன்னதைத் திருப்பிச் சொன்னார். வாய்க்கரிசி போடும்போது அரிசி கழுத்துப் பக்கம் சிந்தியது. நிலாணி குனிந்து அதை ஒவ்வொன்றாக எடுத்தாள். தகனசாலையில் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். “இதையோ?” என்று கேட்டார். ஓம் என்றார்கள். “இதைத்தானோ?” என்று திரும்பவும் கேட்டார். நிலாணி தன் கையை அவருடைய கைக்கு மேல் வைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் தகப்பனும் மகளும் மட்டும்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடித் துடைப்பான் போய்ப் போய் வந்தது.

“அப்பா,” என்றாள் நிலாணி, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அம்மான்ர போன் என்னட்டத்தான் இருக்கு. உங்கட missed call ரெண்டு கிடக்குது.”

அவர் இருக்கைப் பட்டியின் பூட்டைத் தடவிப் பார்த்தார்.

“நான் றமேஸ் மாமாட்ட சொல்லேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

மார்க்கம் வீதிச் சந்தியில் சிவப்பு விழுந்தது. அவர்களுக்குப் பக்கத்தில், நடைபாதைக் கல்லை ஒட்டி, ஒரு மின்சார பைக் வந்து நின்றது. முதுகில் சாப்பாட்டுப் பெட்டி கட்டிய நடுத்தர வயது ஆள். மழைச் சட்டையின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு காலை நனைந்த தாருக்கு மேல் ஊன்றி, மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நிலாணியும் அந்தக் காலைத்தான் பார்க்கிறாள் என்று குலசிங்கத்துக்குத் தெரிந்தது.

பச்சை விழுந்தது. அந்த ஆள் காலை எடுத்து மிதியில் வைத்து, ஒருதரம் ஆடி, நேராகிப் போனான். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அவர்களுடைய கார் அசையவில்லை.