நூறு கிலோவில் நூற்றுப் பன்னிரண்டு

1988ஆம் ஆண்டு ஆடி மாதம், பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த பொங்கியண்ணனின் பனியன் கம்பெனியில், நூறு கிலோ துணி கட்டிங் டேபிளுக்குப் போய் நூற்றுப் பன்னிரண்டு கிலோவாக வெளியே வந்தது. வெட்டிக் கழித்த துண்டுதுணி அதில் சேராது. முதலில் தராசைத்தான் சந்தேகப்பட்டார்கள். காங்கேயத்து எண்ணெய் மில்லிலிருந்து இரவல் வாங்கி வந்த தராசும் அதையேதான் சொன்னது. அந்த வாரம் நூல் விலை ஏறியிருந்ததால் ஊர் அந்த விலையைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

நியாயமாகப் பார்த்தால் எடை குறைய வேண்டும். நூறு கிலோ வெட்டினால் கழுத்து, கை, ஓரம் என்று பத்து கிலோ கழிவு போகும். அதற்கு நார்மல் லாஸ் என்று பெயர். அந்தச் செலவை நல்ல பனியன்கள் மீதே ஏற்றிவிடுவார்கள், யாரையும் கேள்வி கேட்கமாட்டார்கள். பத்துக்கு மேல் போனால் அப்நார்மல் லாஸ். புத்தகப்படி அது முதலாளியின் லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டும். பொங்கியண்ணன் புத்தகத்தை மதிக்கிறவர்தான், ஆனால் அந்தப் பக்கம் வந்ததும் தாளைப் புரட்டிவிட்டார். அதைக் கட்டிங் ஆட்களின் சம்பளத்தில் பிடித்தார். பிளீச்சிங்கிலிருந்து ஈரம் முழுதும் காயாமல் வரும் துணியைக் காலையில் எடை போட்டு உள்ளே அனுப்புவார். மத்தியானக் காற்றில் காய்ந்த பிறகு வெட்டுத்துணியை எடை போட்டு வாங்குவார். நடுவில் காணாமல் போனது தண்ணீர். எடை கூட்டப் பருத்திக்குத் தண்ணீர் தெளித்து மண்டியில் போட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால், சொல்கிறவர்தான் வெட்கப்பட வேண்டும்.

வெட்டிய துணியை அளவு பார்த்துக் கட்டுக் கட்டுவது ஷரீபுன்னிசாவின் வேலை. காணாமல் போன எடைக்காகச் சாயங்காலம் கேட்டில் அவளுடைய டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். திருடி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததே தெருவரை போய்ச் சேர்ந்தது. ஆனி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, பிடித்தம் போகக் கொடுத்த சம்பளக் கவரை அவள் மேசைமீது திருப்பி வைத்தாள்.

"ஏனுங்க மொதலாளி, துணியத் தின்னுபோட்டா வந்து நிக்கறோம்?"

"கணக்கு அப்படிச் சொல்லுதும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்பப் போன துணியே திரும்பி வந்து சொல்லட்டுங்க. அதுவரைக்கும் இந்தக் கவர நான் தொட மாட்டனுங்க. நாளைக்கு எம் மகள எந்த ஊட்டுலீங்க கேட்டு வருவாங்க?"

கட்டிங் மாஸ்டர் கருப்புசாமியும் தன் கவரை அதன்மேல் வைத்தார். மற்றவர்கள் வைக்கவில்லை, அவர்களுக்கு அரிசிக்கடை பாக்கி இருந்தது. அடுத்த திங்கட்கிழமை துணி எடை கூடியது. அதன் பிறகு தினமும் கூடியது.

பொங்கியண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்நார்மல் கெயின் என்று எழுதி, கம்பெனி வரவில் சேர்த்துக்கொண்டார். நட்டம் எங்களுடையது என்றால் வரவும் எங்களுடையதுதானே என்று ஷரீபுன்னிசா கேட்டதற்குச் சிரித்தார். ஆர்டர் போக மிஞ்சிய பனியன்களை மூட்டை கட்டிக் காதர்பேட்டைக்குக் கொண்டுபோனார். அங்கே மிச்சச் சரக்கு வாங்கி விற்கும் ராஜா முகமது ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். ஒன்றில் வலது தோள் இரண்டு விரல் இறங்கியிருந்தது. இன்னொன்றில் முன்பக்கத்தைவிட முதுகு நீளம். ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

"இதெல்லாம் ஆள நிறுத்தி அளவெடுத்ததுங்க," என்றார். "இது பண்டல் தூக்கற தோளு. இது டேபிள்ல குனியற முதுகு. இதக் கடையில மாட்டி வெச்சா வேற யாருக்குங்க சேரும்?"

மூட்டை திரும்பி வந்தது. குடோனில் போட்டார். வாரத்துக்கு வாரம் குவியல் வளர்ந்து, நூல் மூட்டைக்கு இடம் இல்லாமல் போனது. தீபாவளிக்கு ஆளுக்கு இரண்டு சந்தோசமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். உரிமையை இனாமாக வாங்கிக்கொள்ளச் சொல்வதில் முதலாளிகளுக்கு அப்படி ஒரு தாராளம். யாரும் எடுக்கவில்லை. நான்கு மாதமாகச் சம்பளக் கவரைத் தொடாமல், வேலை முடிந்த பிறகு பக்கத்துக் கம்பெனிகளுக்கு வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக் கொடுத்து அடுப்பெரித்துக்கொண்டிருந்த ஷரீபுன்னிசா முன்னால் வந்தாள்.

"இனாம் வேண்டாங்க. எங்க சம்பளத்துல நட்டம்னு எழுதுன அதே எடத்துல, இது கட்டிங்காரங்க வரவுன்னு எழுதுங்க. எல்லாத்துக்கும் புடிச்சதத் திருப்பிக் குடுங்க. டப்பாவத் தொறக்கறத நிறுத்துங்க. அப்பறம் எடுத்துக்கறோமுங்க."

அவர் முடியாது என்றார். கார்த்திகையில் குவியல் குடோனைத் தாண்டி வாசலை அடைத்தது. ஆட்களை விட்டு வாரி ஒதுக்கினால் மறுநாள் காலை அதே இடத்தில் இருந்தது. இத்தாலிக்குப் போக வேண்டிய பெட்டிகள் உள்ளே, ஏற்ற வந்த லாரி வெளியே. டிரைவர் ரோட்டோரம் சமைத்துச் சாப்பிட ஆரம்பித்த அன்று பொங்கியண்ணன் பேனாவை எடுத்தார். எழுதி முடித்ததும், "சத்தமாப் படிங்க, தையக்காரங்களுக்கும் கேக்கட்டும்," என்றாள் ஷரீபுன்னிசா. மெஷின்களை நிறுத்தினார்கள். அவர் படித்தார். கட்டிங்கில் எதுவும் திருடு போகவில்லை என்ற வரியை மட்டும் இரண்டாம் முறையும் படிக்க வைத்தாள். பிறகுதான் கவர்களை எடுத்தாள். தையல் மெஷினில் உட்கார்ந்து கேட்ட எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. தன் அளவுப் பனியனைத் தேடி எடுத்துச் சேலைமேல் மாட்டிக்கொண்டு, அவள் நேராகத் தெருவுக்கு நடந்தாள். அதைப் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

எடை கூடுவது அதோடு நிற்கவில்லை. கருப்புசாமி ஓய்வு பெற்றார், புது மெஷின்கள் வந்தன, ஷரீபுன்னிசாவின் மகளுக்கு அவிநாசியில் கல்யாணம் நடந்தது. கூடுதல் துணி கட்டிங்காரர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. 1995இல் வந்த புது ஆடிட்டர், கணக்கில் நார்மல் கெயின் என்று ஒரு தலைப்பு இருப்பதைப் பார்த்து, அப்படி ஒன்று எந்தப் பாடத்திலும் கிடையாதே என்றார். எங்கள் கட்டிங்கில் உண்டு என்றார் பொங்கியண்ணன். ஆடிட்டர் தராசருகே அரை நாள் நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் பொங்கியண்ணன் டேபிள் பக்கம் வந்தார். இத்தனை வருசத்தில் தன் அளவுக்கு ஒன்றுகூட வரவில்லையே என்று, பாதி விளையாட்டாகவும் பாதி ஆதங்கமாகவும் ஷரீபுன்னிசாவிடம் கேட்டார். அவள் கட்டின் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"இங்க வந்து எங்ககூட குனிஞ்சு நின்னீங்கன்னா வருமுங்க."

அவர் டேபிள் விளிம்பில் கைவைத்துப் பார்த்தார். பிறகு ஏசி போட்ட ஆபீஸ் ரூமுக்குத் திரும்பிப் போனார். அவர் அளவுக்கு இன்றுவரை வரவில்லை.